ஃபேட் டிரான்ஸ்ஃபர் பண்ண மார்புல கட்டி மாட்டுதா? விட்டுப் பாக்கலாமா, ஊசில உறிஞ்சலாமா, பயாப்ஸியா, ஆபரேஷனா

வண்ணாரப்பேட்டையில ஒரு ஸ்கேன் சென்டர்ல ஒம்போது வருஷமா வேலை பாக்குறேன். டாக்டர் கிடையாது, டெக்னீஷியனும் கிடையாது, லேடீஸ் ஸ்கேன் ரூம்ல கூட நிக்கிற ஆளு, கவுன் எடுத்துக் குடுக்குறது, ஜெல்ல தொடைக்க டிஷ்யூ குடுக்குறது, பயந்து நடுங்குறவங்க கைய புடிச்சிக்கிறதுன்னு ஓடுது. மார்பு ஸ்கேனுக்கு வர்றவங்கள்ல இப்பல்லாம் அப்பப்ப ஒருத்தங்க, டாக்டர் உள்ள வர்றதுக்கு முன்னாடி கதவு சாத்துனதும் மெதுவா கேப்பாங்க, "அக்கா, வயித்துலருந்து கொழுப்பு எடுத்து இங்க வெச்சிகிட்டேன், இப்ப உள்ள என்னமோ உருண்டையா மாட்டுது, அப்படியே விட்டுடலாமா, எடுத்துடணுமா?"

எங்க பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா, தண்டையார்பேட்டையில இருக்காங்க, அவங்களுக்கும் இதே தான் நடந்துச்சு. அவங்க கூட அலைஞ்சதுலயும், ரூம்ல நின்னு டாக்டருங்க சொல்றத கேட்டுக் கேட்டும் எனக்கு தெரிஞ்சத இங்க எழுதுறேன். உங்க கட்டிய கையால தொட்டுப் பாக்குற டாக்டர் சொல்றது தான் கடைசி வார்த்தை, அவங்ககிட்ட போறப்ப என்ன கேக்கணும்னு தெரிஞ்சுகிட்டு போங்க, அதுக்குத்தான் இது.

எதுக்கு இந்த கட்டி வருது

தொடையிலருந்தோ வயித்துலருந்தோ லைப்போசக்ஷன் பண்ணி, அதாவது குழாய் விட்டு உறிஞ்சி கொழுப்ப எடுத்து, சுத்தம் பண்ணி, பொடிப்பொடி துளியா மார்புக்குள்ள பல இடத்துல விடுறாங்க. அந்தக் கொழுப்புக்கு அப்போ ரத்தக்குழாய் எதுவும் கிடையாது, சுத்தி இருக்குற சதையிலருந்து ஊறி வர்றத குடிச்சு தான் மொத சில நாளு உயிரோட இருக்கணும், அதுக்குள்ள புது ரத்தக்குழாய் வந்து சேரணும். ஒரே இடத்துல கொத்தா விட்டுட்டா வெளி ஓரம் பொழைச்சிக்கும், நடுவுல இருக்குறது செத்துப்போயிடும். செத்த கொழுப்பு எண்ணெயா உருகி நிக்கும், உடம்பு அதைச் சுத்தி ஒரு தோல் கட்டிக்கும், அதான் எண்ணெய்க் கட்டி, ஆயில் சிஸ்ட்னு ரிப்போர்ட்ல வரும். சில இடத்துல உருகாம கெட்டியா தழும்பு மாதிரி இறுகிடும், அது ஃபேட் நெக்ரோசிஸ். மாசக்கணக்குல, வருஷக்கணக்குல அதுல சுண்ணாம்பு படியறதும் உண்டு.

இது புதுசா வந்த பயம் கிடையாது. அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் 1987லயே மார்புல கொழுப்பு வெக்கிறது வேணாம்னு சொல்லுச்சு, இந்த கட்டியும் சுண்ணாம்பும் கேன்சர கண்டுபிடிக்கிறத மறைச்சிடும்னு. அப்புறம் 2009ல தான், செய்யுறவங்களுக்கு கைப்பழக்கம் இருந்தா பண்ணலாம்னு அந்த நிலைய தளர்த்துனாங்க. ஸ்கேன் டாக்டரால பெரும்பாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியும், சந்தேகம் வந்தா பயாப்ஸி இருக்கு, அதாவது அங்கருந்து துளி சதை எடுத்து லேப்ல பாக்குறது. ஆனா கண்டுபிடிக்கணும்னா அங்க கொழுப்பு வெச்சது அவங்களுக்கு தெரிஞ்சிருக்கணும்ல? இந்த இடத்துல தான் நம்ம ஆளுங்க மாட்டிக்கிறாங்க, கீழ சொல்றேன்.

இதுக்கெல்லாம் யோசனையே பண்ணாதீங்க, ஓடுங்க

ஆபரேஷன் ஆன சில நாள்ல திடீர்னு மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, ஒரு கால் மட்டும் வீங்குது, மயக்கம் வருதுன்னா நேரா எமர்ஜென்சி. கொழுப்போ ரத்தக்கட்டியோ நுரையீரலுக்கு போயிருக்கலாம், ஊசி நெஞ்சுக்கூட்டுக்குள்ள பட்டு காத்து எறங்கியிருக்கலாம், ரெண்டும் கம்மியா தான் நடக்கும் ஆனா நடந்தா நேரம் கிடையாது. காய்ச்சல், செவந்து சூடா இருக்கு, சீழ் வருது, இதுவும் அன்னைக்கே காட்டணும்.

இன்னொன்னு பலபேருக்கு தெரியாது. ஆபரேஷன் முடிஞ்சு எல்லாம் ஆறிப்போயி, சில வாரம் கழிச்சு கொழுப்பு எடுத்த இடத்துலயோ மார்புலயோ சின்னச்சின்னதா கொப்புளம், சீழ், ஆன்டிபயாட்டிக் போட்டா அடங்குது நிறுத்துனா திரும்ப வருதுன்னா, அது காசநோய் கிருமியோட சொந்தக்கார கிருமியா இருக்கலாம், சீழ்ல என்ன கிருமின்னு வளத்துப் பாக்குற சாதாரண கல்ச்சர் டெஸ்ட்ல அது தெரியாம போகும். "மைக்கோபாக்டீரியா கல்ச்சரும் அனுப்புங்க டாக்டர்"னு வாய விட்டு கேளுங்க, இதுக்கு மருந்தே வேற, மாசக்கணக்குல சாப்பிடணும்.

எத வெச்சு முடிவு பண்றது

மொத கேள்வி, அந்த கட்டிக்கு பேரு தெரியுமா? அதாவது ஸ்கேன் பாத்தோ பயாப்ஸி பாத்தோ ஒரு டாக்டர் "இது இன்னது"ன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா? பேரு தெரியாத கட்டிய விட்டுப் பாக்குறதும் தப்பு, பயந்துபோய் உடனே அறுக்குறதும் தப்பு. எவ்ளோ பெருசு, வலிக்குதா இல்லையா, இதெல்லாம் இதுக்கு அப்புறம் தான்.

ரெண்டாவது, அது உங்களுக்கு என்ன தொந்தரவு பண்ணுது, வலியா, பாக்க மேடா தெரியுதா, இல்ல மனசுல மட்டும் உறுத்துதா. மூணாவது, நீங்க பண்றது பின்னாடி வர்ற மேமோகிராம்ல (மார்ப அமுக்கி வெச்சு எடுக்குற எக்ஸ்ரே) எப்படி தெரியும், புதுசா தழும்பு சேருமா. நாலாவது செலவு, அதுல பில்லு ஒரு பங்கு தான், லீவு, அலைச்சல், வீட்ல சொல்ற காரணம் எல்லாம் சேத்து. எம்.சி. ரோட்டு துணிக்கடையில நிக்கிற பொண்ணுக்கு ஆடித் தள்ளுபடியிலயும் தீபாவளிக்கு முன்னாடியும் லீவு கெடைக்கவே கெடைக்காது, அவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன்ங்கறதே பெரிய செலவு.

அம்மா, அக்கா, சித்தி யாருக்காவது மார்பு கேன்சர் இருந்திருந்தா, கீழ நான் "விட்டுப் பாக்கலாம்"னு சொல்ற இடத்துல எல்லாம் ஒருதடவ கூடுதலா டாக்டர்கிட்ட அத சொல்லிட்டு முடிவு பண்ணுங்க.

1. விட்டுப் பாக்குறது

ஸ்கேன் ரிப்போர்ட் அடியில பைராட்ஸ்னு (BI-RADS) போட்டு ஒரு நம்பர் இருக்கும், எவ்ளோ சந்தேகப்படணும்னு சொல்ற நம்பர், மொதல்ல அத பாருங்க. 2னா சாதாரண கட்டி, கெடுதல் கிடையாது. எண்ணெய்க் கட்டி பெரும்பாலும் இதுல தான் வரும், மேமோகிராம்ல நடுவுல கருப்பா, சுத்தி முட்டை ஓடு மாதிரி மெல்லிசா வெள்ளைக் கோடு போட்டு, பாத்ததும் தெரிஞ்சிடும்னு எங்க டாக்டர் சொல்வாங்க. 3னா அனேகமா சாதாரணம், கேன்சரா இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல போகாது, ஆனா ஆறு மாசத்துல திரும்ப பாக்கணும், அப்புறம் ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு பாத்து மாறலைன்னா தான் விடுவாங்க. 0 போட்டிருந்தா பயப்படாதீங்க, இன்னும் படம் வேணும்னு அர்த்தம். 4, 5 போட்டிருந்தா விட்டுப் பாக்குற பேச்சே கிடையாது, நேரா கீழ மூணாவது வழி, பயாப்ஸிக்கு போங்க.

2 வந்து வலியும் இல்ல, மேடாவும் தெரியலைன்னா இதவிட நல்ல வழி வேற இல்ல. சின்ன கட்டிங்க தானா சுருங்குறதும் உண்டு, சுருங்காட்டியும் அங்கேயே கெடக்கும், ஒண்ணும் பண்ணாது.

கண்ணுக்கு தெரியாத செலவு என்னன்னா, குளிக்கிறப்ப எல்லாம் கை அங்க போகும். தெனம் அமுக்கி அமுக்கி பாத்து, அதனாலயே வலி வந்து, வலி வந்துடுச்சேன்னு ஓடி வர்றவங்கள பாத்திருக்கேன். மாசத்துக்கு ஒருநாள், பீரியட்ஸ் முடிஞ்ச வாரம் பாருங்க, போதும். சூடா வெளக்கெண்ணெ ஒத்தடம் குடுத்து, நல்லா அழுத்தி தேச்சா கரையும்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, கரையாது, ரணம் தான் ஆகும். 3 வந்தவங்க ஆறாவது மாச ஸ்கேன மறந்துடுறாங்க, அதான் இந்த வழியோட உண்மையான ஆபத்து. டேட்ட போன்ல அலாரமா வெச்சிடுங்க.

2. ஊசி போட்டு எண்ணெய உறிஞ்சுறது

இது எண்ணெய்க் கட்டிக்கு மட்டும். அக்காவுக்கு இடது பக்கம் இருந்தது இதான், கோலிகுண்டு சைசுல, தொட்டா வழுக்கிட்டு போகும், குப்புற படுத்தா குத்தும். ஸ்கேன் பாத்துகிட்டே ஊசிய விட்டாங்க, சிரிஞ்ச் பாதிக்கு வந்துச்சு, உருக்குன நெய் மாதிரி மஞ்சளா, கொழகொழன்னு. அக்கா தலைய தூக்கி பாத்துட்டு "இவ்ளோ தானா, இதுக்கா இத்தன நாளு சோறு எறங்காம கெடந்தேன்"னு அழுதுட்டாங்க. பத்து நிமிஷம் கூட ஆகல, ஒரு பிளாஸ்திரி ஒட்டி, அன்னைக்கே மெட்ரோ ஏறி வீட்டுக்கு போய் சமைச்சாங்க.

தழும்பு இல்ல, மயக்க ஊசி இல்ல, வலி உடனே கொறையும், வந்த திரவம் எண்ணெயா இருந்து கட்டி முழுசா அமுங்கிட்டா அது என்னங்கறதும் அங்கேயே தெரிஞ்சிடும். ரத்தம் கலந்து வந்தாலோ, உறிஞ்சுன பிறகும் கட்டியா எதாவது மிச்சம் நின்னாலோ சாம்பிள லேபுக்கு அனுப்பணும், இத முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு வெச்சிக்கோங்க.

குறை என்னன்னா, அந்த தோல் உள்ளயே இருக்குறதால திரும்ப ரொம்பலாம். அக்காவுக்கு மூணு மாசத்துல திரும்ப வந்துச்சு, ரெண்டாவது தடவ எடுத்த பிறகு வரல. எண்ணெய் கெட்டியாயிட்டாலும் சுவர்ல சுண்ணாம்பு படிஞ்சிட்டாலும் ஊசில ஒண்ணும் வராது, அப்போ குத்துனது தான் மிச்சம். அதனால லேட் பண்ணி வர்றவங்களுக்கு இது பலிக்கிறது கம்மி. வலிக்குது, பெருசா இருக்கு, ஆனா ஸ்கேன்ல சுத்தமான எண்ணெய்க் கட்டின்னு தெரியுதுன்னா நான் கண்ண மூடிகிட்டு இதத்தான் சொல்லுவேன்.

3. பயாப்ஸி

இதப்பத்தி தான் நெறைய சொல்லணும், பயம் பூரா இங்க தான் இருக்கு.

அக்காவோட வலது பக்க கட்டி வேற மாதிரி. கல்லு மாதிரி கெட்டி, அடியில, தோலு லேசா உள்ள இழுத்த மாதிரி. வெக்கப்பட்டுகிட்டு எங்க சென்டருக்கு வரல, வேற ஒரு எடத்துல ஸ்கேன் எடுத்தாங்க, கூட மாமியார் வந்திருக்காங்க. ஃபார்ம்ல "இதுக்கு முன்னாடி மார்பில் அறுவை சிகிச்சை?"ன்னு கேள்வி, பக்கத்துல அத்தை உக்காந்திருக்கு, அக்கா "இல்லை"ன்னு டிக் அடிச்சிட்டாங்க. ஏலச்சீட்டு எடுத்த காசுல பண்ணிகிட்டது, வீட்ல ஹெர்னியா ஆபரேஷன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. ரிப்போர்ட் பைராட்ஸ் 4னு வந்துச்சு. பதினோரு நாளு யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்துட்டு, ஒரு ராத்திரி மொட்டை மாடியிலருந்து எனக்கு போன் பண்ணி, "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பசங்கள பாத்துக்கோடி"ன்னாங்க.

மறுநாள் ஃபைல எடுத்துகிட்டு எங்க டாக்டர்கிட்ட போனோம். கொழுப்பு வெச்சத சொன்னதும் அவங்க திரும்ப ஸ்கேன் வெச்சு பாத்துட்டு, மேமோகிராமும் எடுக்க சொன்னாங்க. ஃபேட் நெக்ரோசிஸா தான் இருக்கணும், ஆனாலும் இந்த மாதிரி ஓரம் ஒழுங்கில்லாம கெட்டியா நிக்கிறது கேன்சர் மாதிரியே தெரியும், பயாப்ஸி பண்ணி உறுதி பண்ணிடலாம்னாங்க. அதாவது உண்மைய மொதல்லயே சொல்லியிருந்தாலும் பயாப்ஸி வேண்டி வந்திருக்கும். ஆனா அந்த பதினோரு நாளு அப்படி போயிருக்காது.

கோர் பயாப்ஸின்னா அந்த இடத்த மரக்க வெச்சு, கொஞ்சம் தடிச்ச ஊசியால நூல் நூலா சில துண்டு எடுக்குறது. டக்குனு ஸ்டேப்ளர் மாதிரி ஒரு சத்தம் கேக்கும், அதுக்கு தான் எல்லாரும் தூக்கிவாரிப் போட்டு துள்ளுவாங்க, முன்னாடியே சொல்லி வெச்சிட்டா துள்ள மாட்டாங்க. கொஞ்ச நாளு நீலம் கட்டியிருக்கும். மெல்லிசு ஊசில செல் மட்டும் எடுக்குற எஃப்.என்.ஏ.சி. சீப்பா முடியும், ஆனா செத்த கொழுப்புல போதுமான செல் வராம "திரும்ப எடுங்க"ன்னு வர்றது சகஜம், அப்போ ரெண்டு செலவு. கெட்டியான கட்டிக்கு நேரா கோர் பயாப்ஸியே நல்லது.

"ஊசி குத்துனா கேன்சர் பரவும்"னு நம்ம பக்கம் ஆயாங்கள்லருந்து ஆட்டோ ஓட்டுற அண்ணன் வரைக்கும் சொல்வாங்க. இத நம்பி பயாப்ஸிக்கு வராம போனவங்கள நெனச்சா எனக்கு வயிறு எரியுது. உலகம் பூரா இப்படித்தான் உறுதி பண்றாங்க, பயாப்ஸி பண்ணதால நோய் முத்திப்போகாது, பண்ணாம தள்ளிப்போட்டா தான் முத்தும்.

ரிசல்ட் வந்ததும் ஒண்ணு கேளுங்க, "ஸ்கேன்ல பாத்ததும் இந்த ரிசல்ட்டும் ஒத்துப்போகுதா டாக்டர்?" ஒத்துப்போனா முடிஞ்சது. ஸ்கேன் மோசமா இருந்து ரிசல்ட் மட்டும் சாதாரணம்னு வந்தா, ஊசி சரியான எடத்துல படலையோன்னு திரும்ப எடுக்கணும், இல்ல கட்டியவே எடுத்துப் பாக்கணும். அக்காவுக்கு ஒத்துப்போச்சு, ஃபேட் நெக்ரோசிஸ். அந்த கட்டி இன்னும் அங்கேயே தான் இருக்கு.

பைராட்ஸ் 4, 5 வந்தவங்க, கட்டி வளர்றவங்க, தோல் உள்ள இழுக்குறவங்க, காம்புல ரத்தம் வர்றவங்க, அக்குள்ல நெறி கட்டுனவங்க, உங்களுக்கு இது ஒண்ணு தான் வழி, மத்தது எல்லாம் இதுக்கு அப்புறம்.

4. அறுத்து எடுக்குறது

நெறைய பேரு மொதல்ல கேக்குறது இதான், "எடுத்து வீசிட்டா நிம்மதி". எனக்கு இதுல அவ்ளோ உடன்பாடு இல்ல. கெட்டியான நெக்ரோசிஸ எடுக்குறப்ப சுத்தி இருக்குற நல்ல சதையும் கொஞ்சம் போகும், அந்த எடம் குழியாயிடும், அழகுக்குன்னு பண்ணது கடைசில ஒரு பக்கம் பள்ளமா நிக்கும். உள்ள வர்ற தழும்பு அடுத்த மேமோகிராம்ல திரும்ப ஒரு சந்தேகத்த கெளப்பலாம். கை தூக்கி வேலை செய்ய நாளாகும், தண்ணிக் குடம் தூக்குறவங்களுக்கு அது சும்மா விஷயமா?

ஆனா சிலபேருக்கு இது தான் சரி. பயாப்ஸியும் ஸ்கேனும் ஒத்துப்போகாதவங்க, ஊசில வராம பெருசா நின்னு வலிக்கிறவங்க, திரும்பத் திரும்ப சீழ் புடிக்கிறவங்க, தோலுக்கு வெளியவே மேடா தெரியறவங்க. எடுத்தா மொத்தத்தையும் லேபுக்கு அனுப்ப சொல்லுங்க.

காசு இல்லையேன்னு நிக்காதீங்க. எங்க ஆயா இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னே சொல்ற ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பிளாஸ்டிக் சர்ஜரி டிபார்ட்மெண்ட் இருக்கு, 2018ல அங்க மார்பகத்துக்குன்னே இலவச கிளினிக் கூட ஆரம்பிச்சாங்க. ஓ.பி.யில காலைல சீக்கிரம் போய் சீட்டு போடணும், கூட்டத்துல நிக்கணும், தனி ரூம் மாதிரி மறைவு இருக்காது, அதான் அங்க நீங்க குடுக்குற வெலை. வெளிய அழகுக்கு பண்ணிட்டு வந்தேன்னு சொன்னா திட்டுவாங்களோன்னு பயந்து மறைக்காதீங்க. இன்சூரன்ஸ் வெச்சிருக்கவங்க, பாலிசியில அழகு சிகிச்சைய பொதுவா விலக்கி வெச்சிருப்பாங்க, அதனால வந்த பின்விளைவுக்கு தருவாங்களா மாட்டாங்களான்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்குங்க.

கட்டி இல்ல, வெச்சது கரைஞ்சு போச்சுன்னா

மூணுலருந்து ஆறு மாசத்துல ஒரு பங்கு கரையறது எல்லாருக்கும் நடக்கும், பாதி வரைக்கும் போறதும் உண்டு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கரையாது. ஆறு மாசம் ஆகாம எந்த முடிவும் எடுக்காதீங்க. திரும்ப கொழுப்பு வெச்சா திரும்ப இதே கட்டி ரிஸ்க், எடுத்த எடத்துல மேடு பள்ளம், மரப்பு. இம்ப்ளான்ட்னா, அதாவது உள்ள வெக்கிற செயற்கைப் பைன்னா, அளவு கரையாது, ஆனா அது ஆயுசுக்கும் கிடையாது, சுத்தி தழும்பு இறுகலாம், சிலிக்கான் கிழிஞ்சிருக்கான்னு அஞ்சாறு வருஷத்துலயும் அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதடவையும் ஸ்கேன் பாக்கணும்னு அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. சொல்லுது. ஏற்கனவே கட்டி இருக்குறவங்க, அதுக்கு பேரு தெரியாம இது ரெண்டுத்துலயும் கை வெக்காதீங்க.

ஃபைலும், சொல்ல வேண்டிய ஒரு வரியும்

மேல எந்த வழிய எடுத்தாலும் ஸ்கேன் டாக்டர்கிட்ட இத சொல்லிடுங்க: எந்த வருஷம் எந்த மாசம், ரெண்டு பக்கமுமா, எத்தன தடவ, ஒவ்வொரு பக்கமும் எத்தன மில்லி. கூட ஆளு இருந்தா "உள்ள பேஷன்ட் மட்டும் வரணும்"னு எங்கள மாதிரி அட்டெண்டர்கிட்ட காதுல சொல்லுங்க, நாங்க பாத்துக்குவோம், இது எங்களுக்கு புதுசு இல்ல. ஆனா ஒண்ணு, நீங்க சொன்னது ரிப்போர்ட்லயும் ஏறும், வீட்ல யாரு அத படிப்பாங்கன்னு யோசிச்சு, ரிப்போர்ட்ட நேரா உங்க கையில குடுக்க சொல்லுங்க.

எத்தன மில்லின்னு தெரியலையா, ஆபரேஷன் பண்ண எடத்துல டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் நோட்ஸும் எழுதிக் குடுத்து கேளுங்க. 2002 மெடிக்கல் கவுன்சில் விதிப்படி கேட்ட 72 மணி நேரத்துல குடுக்கணும். அவங்க ரெகார்ட வெச்சிருக்க வேண்டியது மூணு வருஷம் தான், அதனால கட்டி வந்தாலும் வராட்டியும் இப்பவே ஒரு ஜெராக்ஸ் வாங்கிடுங்க. அக்கா அவங்களோடத என்கிட்ட குடுத்து வெச்சிருக்காங்க, ரேஷன் கார்டு இருக்குற பிளாஸ்டிக் கவர்லயே, அடுத்த ஸ்கேன் தை மாசம்.